இலையைப் பிடித்த கை

ஊரில் அவரை இலை டாக்டர் என்பார்கள். நாற்றுப் பண்ணை வாசலில் ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி, அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. நோய் கண்ட பூங்கொடியிலிருந்து ஓர் இலையைப் பறித்துக் கொண்டுவந்தால் போதும். திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார், நோயைப் புட்டுப் புட்டு வைப்பார். மேல்பக்கத்தை மட்டும் காட்டுகிறவர்கள் மேல் எரிந்து விழுவார். "மூஞ்சியப் பாத்து வியாதி சொல்ல நான் என்ன ஜோசியனா?" கொண்டுவந்த ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். மனுஷர் கெட்டவரில்லை, அப்படியே பழகிவிட்டார்.

வெளியூரில் அவருடைய அக்கா தனியாக இருந்தாள். அவள் வீட்டு மாடித் தொட்டியில் ஒரு மல்லிகைக் கொடி, சுவர் தாண்டிக் கீழே வாசல்வரை தொங்கும். அது வெளிறத் தொடங்கியதும் ஓர் இலையைக் கையில் பிடித்துப் படமெடுத்து அனுப்பினாள். புள்ளி புள்ளியாய் வெளிறல், அடியில் மெல்லிய நூலாம்படை. சிலந்திப்பேன். காய்ந்து கிடக்கும் கொடி என்றால் அந்தப் பூச்சிக்குக் கொண்டாட்டம்.

"அக்கா, தண்ணி ஊத்துறியா இல்லையா?"

"ஊத்துறேன்டா."

"புளுகாத. இலையே சொல்லுது. தினமும் மாடிக்குப் போய் இலைக்கு அடியில வேகமா தண்ணி அடி."

அடுத்த மாதம் இன்னொரு படம், இன்னும் மோசம். மூன்றாவது மங்கலாக வந்தது. "கையை ஆட்டாம பிடிக்கக்கூடத் தெரியாதா உனக்கு?" என்று கத்தினார். அக்கா சிரித்தாள். நான்காவதைத் தெளிவாக எடுத்திருந்தாள்.

ஐந்தாவது வரவில்லை. அக்கா போய்விட்டாள் என்று அவள் மகன்தான் போன் செய்தான்.

எல்லாம் முடிந்த மறுநாள் அவனோடு மாடி ஏறினார். தொட்டி மண் செங்கல்லாய் இறுகிக் கிடந்தது. பழக்கதோஷம், கோபம்தான் முதலில் வந்தது. "ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல பாரு உங்கம்மா."

"நாலு மாசமா அம்மாவால மாடி ஏறவே முடியலையாம் மாமா. பக்கத்து வீட்டுல சொன்னாங்க. எங்கிட்டகூட மூச்சு விடல. கீழ தொங்குன இலையைத்தான் பறிச்சு உங்களுக்கு அனுப்பியிருக்காங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

மருமகன் தயங்கினான். "இலையைப் பத்திப் பேசினாத்தான் தம்பி போனை வைக்க மாட்டான்னு அம்மா சொல்லுவாங்க."

அவர் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் அந்தப் படங்களைத் தேடி எடுத்தார். இலையை விட்டு முதன்முறையாகக் கையைப் பார்த்தார். முதல் படத்தில் மோதிரம் விரலில் கச்சிதமாக இருந்தது. இரண்டாவதில், கழன்று விழாமலிருக்க நூல் சுற்றியிருந்தாள். மூன்றாவது மங்கல். நான்காவதில் மோதிரமே இல்லை. கை ஆடாமலிருக்க மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி வைத்திருந்தாள்.

அவர் கேட்டபடியே இலை தெளிவாகத் தெரிந்தது.