மண்டூகப் பை

அந்தப் பையைத் தொட்டால், மழை விட்ட மறுநாள் சுவரைத் தொட்டதுபோல ஒரு சில்லிப்பு விரலில் ஏறும். மழமழவென்று இருந்தாலும் நடுநடுவே கடுகு ஒட்டியதுபோலப் புள்ளிகள் தட்டுப்படும். உள்ளங்கையில் அடங்குகிற அந்தப் பச்சைப் பையை, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்த என் மாமா, அக்கா கல்யாணத்துக்கு முந்தின வாரம், காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

பெருமாளைக் கும்பிடாமல் தறிப் பக்கம்கூடப் போகாதவள் என் அம்மா. பையை முகர்ந்து பார்த்துவிட்டு, “மாட்டுத் தோலாடா?” என்றாள்.

“சீச்சீ, மாடுமில்ல, ஆடுமில்ல. இது ‘மண்டூகம்’க்கா.”

மந்திரம் மாதிரி இருந்த அந்தச் சொல்லில் அம்மா மயங்கிப்போனாள். ஏதோ சீமைத் துணி என்று நினைத்துக்கொண்டு, அக்காவின் தாலியை அதற்குள் வைத்துச் சாமி மாடத்தில் ஏற்றிவிட்டாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள், தாலியைப் பெருமாள் திருவடியில் வைத்து வாங்க இரண்டு வீட்டாரும் சின்ன காஞ்சிபுரம் கோயிலுக்குப் போனோம். தேங்காய், பூவோடு அந்தப் பையும் தட்டில் உள்ளே போய் வந்தது. பிறகு தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தபோது, “பை பளபளன்னு இருக்குதே, என்னாம்மா இது?” என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா. நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலை வாடியிருந்ததற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அவர்.

“மண்டூகம்” என்றாள் அம்மா, பெருமையாக.

உபன்யாசம் ஒன்று விடாமல் கேட்கிற மாப்பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார். “கூப மண்டூகம்னா கிணத்துத் தவளைன்னு சொல்வாங்களேம்மா. அப்ப இது தவளைத் தோலா?”

அம்மா திடுக்கிட்டு மாமாவைப் பார்த்தாள்.

“நீ பேரு கேட்ட, சொன்னேன். அர்த்தமா கேட்ட?” என்று முனகினார் மாமா. தவளைக் கால்கள் சாப்பாட்டுக்காக வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. மிஞ்சிய தோலைப் பதப்படுத்திப் பர்ஸும் கடிகார வாரும் தைத்துப் பார்த்தார்களாம். தவளை என்றால் யாரும் தொடமாட்டார்கள் என்று மேஸ்திரி வைத்த பேர்தான் ‘மண்டூகம்’.

கல்யாணம் நின்றுவிடும் என்றுதான் நினைத்தோம். அக்கா என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா பையையே பார்த்தார். பிறகு, சற்று முன் பல்லியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட தன் விரல்களைப் பார்த்தார்.

“எதுக்கும்மா இப்டி நடுங்கிக்கினு இருக்கற? பல்லியக் கூடவே வெச்சிக்கினு இருக்கற பெருமாளு, தவளைய வேணாம்னு சொல்லிடுவாரா? சும்மா இரு.” எழுந்துகொண்டே, “எதுக்கும் மஞ்சத் தண்ணியில ஒரு முழுக்குப் போட்டுடு” என்றார்.

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். போன உயிர் எங்கள் எல்லோருக்குமே திரும்பி வந்தது. மறுநாள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பையை மட்டும் அம்மா, “வந்த எடத்துக்கே போ” என்று சொல்லி ஏரித் தண்ணீரில் விட்டுவிட்டாள்.

தவளைக் கால் ஏற்றுமதியைப் பிற்பாடு அரசாங்கமே தடுத்துவிட்டது. மண்டூகப் பையும் இல்லை, அந்தச் சொல்லைச் சொல்லி விற்பவர்களும் இல்லை. இல்லாமல் போனதே என்று எனக்கு வருத்தமும் இல்லை. மழைக்காலத்தில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால், ராத்திரி ஏரிப் பக்கம் தவளைகள் கத்தத் தொடங்கும். பல்லி சொன்னால் மற்றவர்கள் தரையைத் தட்டுவார்கள். அக்கா தவளைச் சத்தம் கேட்டதும் கழுத்துத் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள்.