அந்தம்மா கேட்ட காராச்சேவு

என் மாமா இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவரிடம் சொல்லாமலே விட்டதை இப்போது எழுதுகிறேன். அவர் வைத்த படையலைத் தின்றவன் நான்தான்.

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் முந்திரிக்காடு சூழ்ந்த ஊர். அம்மாவின் தம்பியான மாமா அங்கே விவசாயம் பார்த்தார். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் மட்டும் பேய் பிடித்தவர்களை அவரிடம் அழைத்து வருவார்கள். பேயோட்டி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "ஓட்டுறதுக்கு அது என்ன ஆடா?" என்பார். மற்ற ஊர்களில் வேப்பிலையால் அடித்து, முடியைப் பிடித்து உலுக்கி, போறியா இல்லையா என்று கத்துவார்கள். மாமா பலகை போட்டு, செம்பில் தண்ணீர் வைத்து, "வாங்க, உக்காருங்க. எந்தப் பக்கத்துலேர்ந்து வர்றீங்க?" என்று விசாரிப்பார். பேய் கேட்டதைத் தன்னால் செய்ய முடிந்தால்தான் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்டால் தவற மாட்டார்.

"சம்பந்தி வூட்டுக்காரங்ககிட்ட பேசுற மாதிரில்ல பேசுறாரு!" என்று ஊரில் சிரிப்பார்கள்.

"கூப்புட்டது நாம. வந்தவங்கள நிக்க வெச்சா பேசுறது?" என்பார் மாமா.

வீட்டுக்குள் இந்த 'ங்க' வராது. அவர் மனைவியான என் அத்தைக்கு 'ஏய்' என்பதுதான் பெயர். "ஏய், சோத்தப் போடு." "ஏய், மாட்டப் புடிச்சுக் கட்டு." அத்தை பலகையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை; எனக்கும்தான்.

எனக்கு ஒன்பது வயது. முழுப்பரீட்சை லீவுக்கு அங்கே போயிருந்தபோது அத்தைக்கே பேய் பிடித்துவிட்டது. முந்திரிக்கொட்டை பொறுக்கிவிட்டு வந்தவள் மூன்று நாள் பேசவில்லை, சோற்றைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை மாமா பலகையைப் போட்டார்.

"வாங்க, உக்காருங்க."

அத்தை உட்கார்ந்தாள்.

"என்னங்க வேணும்?"

"காராச்சேவு." குரல் கனத்திருந்தது. "ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுல சுடச்சுடப் போடுறானே, அது. ஒரு பொட்டலம். காட்டோரத்து மரத்தடியில வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிடணும்."

கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோழி கேட்டு வந்ததுண்டு, சுருட்டு கேட்டு வந்ததுண்டு. இது புதிது. மாமா மட்டும் சிரிக்காமல், "சரிங்கம்மா" என்றார்.

மறுநாள் காலை சைக்கிளில் போய் வாங்கி வந்தோம். பின்னால் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். வழி நெடுக அந்த வாசனை. மாமா மரத்தடியில் அதை வைத்துக் கும்பிட்டுத் திரும்பினார். ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அவரை முன்னால் அனுப்பிவிட்டேன். மரத்துக்குப் பின்னால் குந்தி, எறும்புக்குக்கூட ஒரு துணுக்கு விடாமல் தின்றேன். காகிதத்தைக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டேன்.

அன்று பிற்பகல் அத்தை காட்டுப் பக்கம் தனியே போய் வந்தாள். வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். கஞ்சியும் இறங்கவில்லை. தான் எங்கோ பிசகிவிட்டதாக நினைத்து மாமாவும் பட்டினி கிடந்தார். "சொன்ன சொல்லு தப்பிட்டாராம்" என்று தெருவில் பேசினார்கள். இரண்டு நாள். அந்த வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டவன் நான் ஒருவன்தான்.

திங்கட்கிழமை, வெள்ளிக்குக் காத்திராமல், மாமா மறுபடி பலகை போட்டார்.

"வெச்சேங்க, என் கையால வெச்சேங்க. கொறை இருந்தா என்னை என்ன வேணா பண்ணுங்க. அவள விட்டுடுங்க. அவ தாங்க மாட்டா." மாமா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் அத்தையின் கண்கள் கூட்டத்தைச் சுற்றி வந்து என்மேல் நின்றன. பிறகு கீழே இறங்கின. என் கால்சட்டைப் பையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் ஊறியிருந்தது. அப்போதுதான் நானும் அதைப் பார்த்தேன். வெகுநேரம் பார்த்தாள். அவள் உதட்டோரம் துடித்தது.

"வந்து சேந்துருச்சு," என்றாள். "காரம்தான் கொஞ்சம் தூக்கல். இனிமே மரத்தடியில வெக்காதீங்க. அங்க அணில் தொந்தரவு. வாரா வாரம் கையில குடுங்க."

"எந்தக் கையிலங்க?"

"இந்தக் கையிலதான்." அத்தையின் கை நீண்டது.

அன்று மத்தியானம் அத்தை இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். மாமாவும் சாப்பிட்டார். நான் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடிக் காகிதத்தைப் புதைத்துவிட்டு, மூச்சு வாங்க நின்றேன். நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது.

அதன்பின் சனிக்கிழமைதோறும் மாமா பொட்டலம் வாங்கி வந்து, "இந்தாங்க" என்று இரண்டு கையாலும் கொடுத்தார். வாங்கிக்கொள்வது பேயாய் வந்த அந்தம்மாவா அத்தையா என்று அவருக்குக் கடைசிவரை நிச்சயமில்லை. மரியாதை குறைந்துவிடக் கூடாதே என்று மற்ற நாட்களிலும் 'ங்க' போட்டே பேசினார். 'ஏய்' போன இடம் தெரியவில்லை.

அத்தை நடித்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பட்டினி நடிப்பில்லை. பேயிடம் திருடினேன், பேய் மன்னித்தது என்று மட்டும் அன்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை பிற்பகல் அத்தை எதற்காக அந்த மரத்தடிவரை தனியே நடந்து போனாள், அங்கே குனிந்து எதைத் தேடியிருப்பாள் என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.