நான் இரண்டு முறை வாசித்த எண்

மாடம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி, தாம்பரம் வங்கியில் பென்ஷன் எடுக்கப் போனேன். பாதிதான் இருந்தது. மீதி, என் பெயரில் வாங்கிய கடனுக்குத் தவணையாகப் போய்விட்டதாம். நான் கடனே வாங்கியதில்லை.

பிறகுதான் உறைத்தது. போன மாதம் மகன் போனில், "கேஸ் புக் பண்றேன்பா, ஓடிபி சொல்லுங்க" என்றான். தப்பாகிவிடக் கூடாதென்று ஆறு இலக்கத்தையும் இரண்டு முறை வாசித்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"கிரெடிட் கார்டுக்காரன் அவன் ஆபீசுக்கே வந்துட்டான். வேற என்ன பண்ணுவான்?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"உங்களைக் கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா? கொத்தமல்லிக்கே கணக்குக் கேக்கறவர்!"

"எத்தனை மாசம் பிடிப்பாங்க?"

"அறுபது," என்றாள். யோசிக்காமலே சொன்னாள்.