ஐம்பத்தேழு நாள் விரதம்

எனக்கு எழுபத்தாறு வயது. மலம் கழியாத நாட்களைச் சுவர்க் கலண்டரில் சிறு வட்டமிட்டுக் குறிப்பது என் வழக்கம். மாதத்தில் ஒன்பது வட்டத்துக்கு மேல் போனால் எனக்குக் கவலை பிடித்துவிடும். இதையெல்லாம் எழுதுவது அழகில்லை என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் நான் சொல்ல வந்தது இந்த வட்டங்களிலிருந்துதான் தொடங்குகிறது. இதை மறைத்தால் மற்றதும் விளங்காது.

நில அளவைக் கந்தோரில் முப்பத்துநான்கு வருடம் படம் வரைந்தவன் நான். எண்ணாமல் இருக்கத் தெரியாது. வீட்டுப் படலையிலிருந்து சந்தி எழுநூற்றுப் பன்னிரண்டு அடி. மழை நாளில், வெள்ளம் தேங்கிய இடங்களைச் சுற்றிப் போனால், எழுநூற்று முப்பதுக்கு மேல். மனைவி காலமாகி ஆறு வருடமாகிறது. உரும்பிராயில் எங்கள் வீட்டில் நானும் மகளும் மட்டும். அவளுக்கு முப்பத்தொரு வயது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிறாள். வேலிக்கு அங்கால் என் தமக்கையின் வீடு.

போன வருடம் ஆவணியில் கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைத்தார்கள். மாப்பிள்ளையின் தாய், "பிள்ளை நல்ல வடிவு. கொஞ்சம் உடம்பு வைச்சிருக்குப் போலை," என்று சொல்லிச் சிரித்தாள். நாங்கள் இங்கே, தமக்கையோடு சேர்த்து, மூன்று பேரும் சிரித்தோம். மகளும் சிரித்தாள். பத்தாம் நாள், சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். நானும் அந்தச் சாதகத்தைப் பார்ப்பித்திருந்தேன். பத்துப் பொருத்தத்தில் ஏழு இருந்தது. அது அவளுக்கு வந்த ஐந்தாவது சம்பந்தம்.

தமக்கை வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்து மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"எடி பிள்ளை, இந்தமுறை கௌரிக் காப்பைப் பிடி. நான் அதைப் பிடிச்சுத்தான் உன்ரை மாமாவைக் கண்டனான்."

"அந்த மாமாவைக் காணவோ இருபத்தொரு நாள் பட்டினி கிடந்தனீங்கள்?"

"வாயைப் பார் வாயை. உந்த வாய்க்குத்தான் ஒருத்தரும் வருகினமில்லை."

மூவரும் அன்றைக்கும் சிரித்தோம்.

கௌரி விரதம் புரட்டாதியில் தொடங்கி இருபத்தொரு நாள். ஒரு நேரச் சாப்பாடு, தினமும் கோயில், கடைசி நாள் முழுப் பட்டினி. முடிவில் ஐயர் கையில் காப்புக் கட்டிவிடுவார். மகள் பிடித்தாள். தினமும் விடியவே பூ ஆய்ந்து கொடுத்தது நான். தீபாவளி கழிந்த கையோடு கந்தசஷ்டி வந்தது, ஆறு நாள். அதையும் பிடித்தாள். பிறகு பிள்ளையார் கதை, இருபத்தொரு நாள். அதன் வாலில் திருவெம்பாவை, பத்து நாள். கூட்டினால் ஐம்பத்தெட்டு. ஆனால் பிள்ளையார் கதையின் கடைசி நாளும் திருவெம்பாவையின் முதல் நாளும் ஒன்றாக விழுந்தபடியால் ஐம்பத்தேழு. இடையில் வந்த வெள்ளிக்கிழமைகள் தனி. அத்தனை நாளும் அவள் கோயிலுக்குப் போனாள். ஒருநாள் கூடத் தவறவில்லை. கலண்டரில் என் வட்டங்களுக்குப் பக்கத்தில் அவளுக்காக ஒரு புள்ளி வைத்தேன். ஐம்பத்தேழு புள்ளியும் பிசகில்லாமல் நின்றன. எனக்கு அது பெருமையாக இருந்தது. இந்தப் பெருமையைத்தான் நான் இப்போது மன்னிக்க முடியாமல் இருக்கிறேன்.

கௌரி விரதத்தின் இரண்டாம் கிழமையில் அவள் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, எனக்கு நாலு நாளாக் கக்கூசுக்குப் போகேல்லை. வயிறு கல்லு மாதிரிக் கிடக்கு."

உண்மையைச் சொன்னால் எனக்கு ஒருவிதச் சந்தோசம் வந்தது. வீட்டில் எனக்குத் தெரிந்த விடயம் அது ஒன்றுதான். தண்ணீர் குடி, பப்பாசி சாப்பிடு, காலமை தேத்தண்ணி குடித்தவுடன் போய் இரு, அவசரப்படாதே என்று எல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு, என் மருந்துகள் கிடக்கும் பிஸ்கற் ரின்னைத் திறந்து மலமிளக்கி மாத்திரை ஒன்றை எடுத்துக் கையில் வைத்தேன். அந்த ரின் எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டியதும் நான்தான். ஒரு நேரம், அதுவும் ஒரு பிடி சாப்பிடுகிற உடம்பில் வெளியே போக என்ன இருக்கிறது என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் மாத்திரை குறையத் தொடங்கியது. நான் மாதத்துக்கு எட்டுத்தான் பாவிப்பேன். முப்பது வைத்த ரின்னில் இருபத்திரண்டு இருக்க வேண்டும். எண்ணினால் ஒன்பது. திரும்ப எண்ணினேன். ஒன்பதுதான். களவு போயிருக்கும் என்ற எண்ணம் வரவேயில்லை. என் ஞாபகம் போகத் தொடங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். என் தகப்பனுக்கும் கடைசிக் காலத்தில் அப்படித்தான் தொடங்கியது: சாப்பிட்டதை மறந்து இன்னொருக்கால் கேட்பார். நானும் மாத்திரையை விழுங்கிவிட்டு மறந்து, மறுபடி விழுங்குகிறேன் போலிருக்கிறது என்று பயந்தேன்.

இந்தப் பயத்தை மகளிடம் சொல்ல வெட்கம். அவள் அறியக்கூடாது என்று சந்தி மருந்துக்கடைக்குப் போய் இரண்டு அட்டை மாத்திரை வாங்கி ரின்னை நிரப்பினேன். பிறகும் குறைந்தது. பிறகும் நிரப்பினேன். ஒரே பாமசியில் கேட்டால் கதை வந்துவிடும் என்று கோப்பாய்ப் பக்கம் பஸ்ஸில் போய் இன்னொன்றில் வாங்கினேன். ஒரு மனிதன் தன் மகளுக்குத் தெரியாமல் அவளுக்கே மருந்து கொண்டுவந்து போட்டான். மூன்று மாதம் இதுதான் நடந்தது.

மற்றவற்றையும் கண்ணால் கண்டேன். அவள் எனக்கு விதம்விதமாகச் சமைத்தாள். ஒடியற் கூழ், கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றம் பணியாரம். தான் தொடமாட்டாள்; நான் சாப்பிடுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். சட்டைகளை நாலு தரம் பிடித்துத் தைத்தாள். நடுப்பகல் வெய்யிலில் நீளக் கை போட்ட கம்பளிச் சட்டையோடு இருந்தாள். குளியலறைத் துவாரத்தில் தலைமயிர் பந்தாக அடைத்து, மாதத்தில் மூன்று தரம் நான் கம்பியால் எடுத்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. விரதகாரி சாப்பிடமாட்டாள். விரதகாரி மெலிவாள். மார்கழி குளிர். கிணற்றுத் தண்ணீர் உவர். சாப்பிடாத பெண்ணை வேறு எந்த ஊரிலாவது நாலு பேர் ஏனென்று கேட்டிருப்பார்கள். இங்கே கும்பிட்டார்கள். கோயிலில் ஒரு கிழவி தன் பேத்தியிடம் என் மகளைக் காட்டி, "பார், அப்பிடிப் பக்தி வேணும்," என்று சொன்னதை நானே கேட்டேன்.

தை மாதம் மூன்றாம் கிழமை, பின்னேரம். மகள் உள்ளே பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நானும் தமக்கையும் விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். புதுக் கலண்டர் மாட்டியிருந்தபடியால், கழற்றி வைத்த பழையதை எடுத்து அவளுக்குக் காட்டினேன்.

"அக்கா, பாருங்கோ. ஐம்பத்தேழு நாள். ஒருநாளும் கோயில் தவறேல்லை."

தமக்கை கண்ணாடியைப் போட்டுப் புள்ளிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒருநாளும் தவறேல்லையோ?"

"ஒருநாளும் இல்லை."

"புரட்டாதியிலையிருந்து மார்கழி முடியுமட்டும்?"

"அதுதானே சொல்லுறன்."

"எட தம்பி, நீ படிச்சனி எண்டு ஊரெல்லாம் சொல்லுகினம். அவள் பொம்பிளைப்பிள்ளையடா. மாதத்திலை நாலு நாள் கோயிலடிக்குப் போகேலாதெண்டு உனக்குத் தெரியாதோ? இருபத்தொரு நாளிலை ஒருக்கால் தப்பலாம். மூண்டு மாதத்திலை எப்பிடித் தப்பும்?"

தகப்பன் மகளிடம் கேட்கிற விடயமில்லை அது. கேட்காமலே எண்ணியிருக்கலாம். எண்ணுவது ஒன்றுதான் என் தொழில். ஆனால் இருந்த நாட்களை எண்ணினேனே தவிர, இல்லாத நாட்களைத் தேடவில்லை.

தமக்கை வேறொன்றைத்தான் நினைத்தாள். முகம் கறுத்துப் போய் எழுந்து உள்ளே போனாள். நான் பின்னால் போனேன்.

"எடி, இஞ்சை என்னைப் பார். ஆரடி அவன்?"

மகளுக்கு விளங்கவில்லை. "ஆர் மாமி?"

"பொய் சொல்லாதை. எத்தினை மாதம்?"

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது.

"வயித்திலை பிள்ளையோ? வயித்திலை ஒண்டுமே இல்லை மாமி. ஒரு சோத்துப் பருக்கையும் இல்லை."

தமக்கை அவளுடைய கையைப் பிடித்துக் கம்பளிச் சட்டையை முழங்கைக்கு மேல் தள்ளினாள். தள்ளியவள் அப்படியே விட்டுவிட்டாள். தோலும் எலும்பும், அதன்மேல் சின்னக் குழந்தைக்கு இருப்பதுபோல் மெல்லிய பூனைமயிரும். "ஐயோ என்ரை பிள்ளை," என்று தமக்கை தலையில் அடித்துக்கொண்டாள். மகள் கையை இழுத்துக்கொண்டு வெடுக்கென்று எழுந்தாள். இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடி வைக்கவில்லை. சீமெந்து நிலத்தில் விழுந்த சத்தம் தேங்காய் விழுந்ததுபோல் கேட்டது.

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். டொக்டர் ஒரு இளம் பெண். இரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு மிகவும் குறைந்திருக்கிறது, இதயத் துடிப்பு ஒழுங்காயில்லை, இன்றைக்கு விழுந்தது நல்லது, இன்னும் சில நாள் போயிருந்தால் விழுந்த இடத்திலேயே முடிந்திருக்கும் என்றார்.

"ஏதும் மாத்திரை பாவிக்கிறவவோ ஐயா?"

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். நான்தான் சொன்னேன்.

"என்ரை மலமிளக்கி மாத்திரை குறைஞ்சது. நான் என்ரை மறதி எண்டு நினைச்சுத் திரும்பத் திரும்ப வாங்கி வைச்சனான். இருபத்தொரு அட்டை, அட்டைக்குப் பத்து. நான் பாவிச்சது இருபத்துநாலு. மிச்சம் நூற்றெண்பத்தாறு."

டொக்டர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு வெளி வாங்கில் என்னை இருத்திச் சொன்னார். அந்த மாத்திரை வேலை செய்வது பெருங்குடலில். சாப்பாட்டின் சத்து அதற்கு முன்னாலேயே உடம்பில் சேர்ந்துவிடும். மாத்திரையால் வெளியே போவது தண்ணீரும் உப்பும்தான். கொழுப்பு ஒரு துளியும் போகாது. தராசில் குறைந்து காட்டுவது தண்ணீர். எப்போதாவது மலம் இறுகினால் தண்ணீர், கீரை, பழம், நடை. அதற்கும் மசியாவிட்டால் ஒருநாள் இரண்டுநாள் மாத்திரை. ஒரு கிழமைக்கு மேல் போனால் டொக்டரிடம் வரவேண்டும். பட்டினியில் மாதவிலக்கும் நின்றுவிடும்; அதற்கும், சாப்பிடாததால் வரும் மலச்சிக்கலுக்கும் மருந்து சாப்பாடுதான். அதையும் ஒரேயடியாகக் கொடுத்தால் ஆபத்து. இங்கே வைத்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம் என்றார்.

"இது பிடிவாதமில்லை ஐயா. வருத்தம். காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு வருத்தம்."

"எத்தினை கிலோ இருக்கிறாள்?" என்று கேட்டேன்.

"அது உங்களுக்கும் வேண்டாம், அவவுக்கும் வேண்டாம்."

இருபத்துமூன்று நாள் வாட்டில் இருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு கிழமைக்கு ஒருதரம் மனநல கிளினிக். தமக்கை ஊருக்கு 'அல்சர்' என்று சொன்னாள். நான் திருத்தவில்லை. அதுவும் என் கோழைத்தனம். பிஸ்கற் ரின்னைக் கிணற்றடியில் நசித்து எறிந்தேன். எறிந்து என்ன பயன்? எங்கள் வீட்டிலிருந்து பெரிய பஸ் நிலையம் வரையில் பதினொரு பாமசி. அவள் சம்பளம் எடுக்கிற, வயது வந்த பெண். சில மாதம் தேறினாள். சில மாதம் மறுபடி கழுத்தெலும்பு தெரிந்தது. டொக்டர் நாங்கள் அவளோடு சேர்ந்திருந்து சாப்பிட வேண்டும், அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையைப் பார்க்கக் கூடாது என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடப் பழகினேன்.

இந்த வருடப் புரட்டாதி வந்தது. ஒரு சனிக்கிழமை காலமை, பிட்டும் சம்பலும் மேசையில் இருந்தன. மகள் தன் கோப்பையைத் தொடாமல் சொன்னாள்.

"நாளையிண்டைக்கு, திங்கக்கிழமை, கௌரிக் காப்புத் தொடங்குது. நான் பிடிக்கப் போறன்."

"வேண்டாம்."

"போன வருசம் நீங்கள்தானே பூ ஆய்ஞ்சு தந்தனீங்கள்?"

"ஓம்."

"எல்லாருக்கும் பெருமையாச் சொல்லித் திரிஞ்சனீங்கள்."

"ஓம். அது என்ரை பிழை."

"விரதத்தைத் தடுத்தால் பாவம் அப்பா."

"பாவம் எனக்கு வரட்டும். நீ சாப்பிடு."

அவள் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். கோபத்தில் எழுந்து போய்க் கதவைச் சாத்துவாள் என்று நினைத்தேன். அவள் மிகவும் தாழ்ந்த குரலில், கொப்பி திருத்தும்போது தனக்குத்தானே வாசிப்பதுபோல், கேட்டாள்.

"விரதம் இல்லாட்டி, நான் என்னத்தைச் சொல்லிப்போட்டுச் சாப்பிடாமல் இருக்கிறது?"

ஒரு வருடமாக எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லாத உண்மையை அவள் சொல்லிவிட்டாள். பொய்யாக ஒன்று சொல்லப் பயமாக இருந்தது.

"எனக்குத் தெரியேல்லை பிள்ளை," என்றேன். "கிளினிக்கும் திங்கக்கிழமைதான். நீ இப்ப கேட்டதை அங்கை அப்பிடியே கேள். நானும் வாறன்."

அவள் எழுந்து போகவில்லை. பிட்டு ஆறிக்கொண்டிருந்தது. நான் சுவரைப் பார்க்காமல் அவளுடைய முகத்தைப் பார்த்தபடி இருந்தேன்.