அத்தையின் காதும் நாற்பதாயிரம் ஹெர்ட்ஸும்

அத்தைக்கு இருபத்தாறு வருடமாக ஸ்பீக்கர் கேட்பதுதான் வேலை. பட்டறையின் கடைசி அறையில், சுவரெல்லாம் பஞ்சு அடித்த இடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே பாட்டைப் போட்டுக் கேட்டு, 'கேட்டேன், சரி' என்று சீட்டில் கையெழுத்திடுவாள். உள்ளே கம்பிச் சுருள் லேசாக உரசினாலும் பிடித்துவிடுவாள். அவள் இருக்கும் வீட்டில் நாங்கள் யாரும் ரகசியம் பேசுவதில்லை.

இந்த வருடம் முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்து, பெட்டியின் தலையில் பொத்தான் அளவில், கீச்சொலிக்கென்று ஒரு குட்டி ஸ்பீக்கரை, ட்வீட்டரை, கூடுதலாகப் பொருத்தினார். நாற்பதாயிரம் ஹெர்ட்ஸ் வரை போகுமாம். சீட்டிலும் ஒரு வரி கூடியது: 'இசை மேம்பட்டிருப்பதைக் கேட்டேன்.'

அத்தை பேனாவை மூடினாள்.

“இருபதாயிரத்துக்கு மேல மனுஷக் காதுக்கு எட்டாது தம்பி. கேக்காததைக் கேட்டேன்னு எப்படி எழுதறது?”

“காதுக்கு எட்டாட்டி என்னக்கா, உடம்புக்குத் தெரியும்.”

“அப்ப உடம்பையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில், சோதித்தே பார்ப்போம் என்றாள் அத்தை. ஊர்சுற்றிவிட்டு வந்து வீட்டில் சும்மா இருந்த என்னைப் பட்டறைக்கு வரவழைத்து ஒரு திரைக்குப் பின்னால் நிறுத்தினாள். நான் காசைச் சுண்டி, தலை விழுந்தால் ட்வீட்டரைப் போட்டேன், பூ விழுந்தால் அணைத்தேன். இருபது முறை. அத்தை சரியாகச் சொன்னது பத்து.

“பாத்தீங்களா? கண்ணை மூடிட்டு உளறினாலும் இதே பத்துதான் வரும்!” என்று துள்ளி எழுந்தாள்.

முதலாளி மகன் முகத்தில் நிஜமான வருத்தம். “எனக்குத் தெளிவா கேக்குதேக்கா. உங்களுக்கு எப்பலேர்ந்து இப்படி?”

அத்தைக்குச் சட்டென்று புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது: அத்தைக்குக் காது மந்தமாகிவிட்டது என்கிறார்.

“நீங்களும் திரைக்கு முன்னால உக்காருங்க சார்.”

“எனக்கெதுக்கு? எனக்குத்தான் கேக்குதே.”

“எனக்கும் ஒண்ணும் கேக்கலையே!”

“நீங்க அத்தையை விட்டுக்கொடுப்பீங்களா?”

அதற்கு மேல் என்ன சொன்னாலும் அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுவாரம் கடைசி அறையிலிருந்து அத்தையின் நாற்காலியை எடுத்துவிட்டு ஒரு மைக்கை நிறுத்தினார்கள். நாற்பதாயிரம் வரை அதற்குக் கேட்கிறது. கம்ப்யூட்டரில் கோடு வருகிறது. அத்தை இப்போது பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள்.

நேற்று சமையலறையில் நின்று கேட்டாள்: “குழாய் சொட்டுதாடி?”

“ஆமா அத்தை.”

“நிஜமாவா, இல்ல என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றியா?”

குழாயடியில் விரலை நீட்டி ஈரத்தைக் காட்டினேன்.

“ஈரம் தெரியுது,” என்றாள். “சத்தம் உனக்குக் கேக்குதா?”