ஆரோக்கியமான ரத்தம்

ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பொட்டலம் சார் என்று பெயர். வைத்தது மாணவர்கள், காரணம் அவரேதான். "ஒரு செல் இன்னொரு செல்லுக்குப் பொட்டலம் கட்டி அனுப்புதுப்பா. அதுதான் எக்சோசோம். சர்க்கரை முத்திப்போன உடம்புல அதுக்குள்ள வம்பை வச்சுக் கட்டி, சிறுநீரகத்துக்கும் கண்ணுக்கும் அனுப்பிடும்" என்று இருபது வருடமாக மேடைக்கு மேடை முழங்கியவர். ஊரார் உடம்பில் எந்தப் பொட்டலம் எங்கே போகிறது என்பது அவருக்கு விரல் நுனியில். அந்த விரல் நுனியில் மட்டும் ஒரு ஊசி குத்தவிட்டதில்லை.

வீட்டில் மனைவி கெஞ்சாத நாளில்லை. "ராத்திரியெல்லாம் பாத்ரூமுக்கு நடக்கிறீங்க. பேப்பரை மூக்குல ஒட்டி வச்சுப் படிக்கிறீங்க. ஒரு தடவை சர்க்கரை பாத்துடுங்களேன். கண்ணு போயிடும்னு பயமா இருக்கு."

"யாருக்கு யாரு சொல்றது? இது இரும்பு உடம்பு. கண்ணாடிதான் சரியில்லை."

கண்ணாடியை மாற்றினார். மறுபடியும் மாற்றினார். பழியெல்லாம் கண்ணாடிக் கடைக்காரன் தலையில் விடிந்தது.

இந்தச் சமயத்தில்தான் புது ஆய்வு தொடங்கியது. நோயாளிகளின் எக்சோசோம்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, சர்க்கரை இல்லாத ஒருவரின் ரத்தம் அளவுகோலாக வேண்டும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று சார் சட்டைக் கையைச் சுருட்டினார். ரத்தம் கொடுப்பவருக்கு முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. விதியை எழுதியவரிடமே போய் யார் கேட்பது?

முடிவு வந்தது. நோயாளிகளின் பொட்டலமும் ஆரோக்கியசாலியின் பொட்டலமும் அச்சு அசல் ஒன்று. சார் இயந்திரத்தைத் திட்டினார். பிறகு சோதனையைச் செய்த உதவி ஆராய்ச்சியாளப் பெண்ணைத் திட்டினார். "கவனம் இல்லாம வேலை செஞ்சா எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்."

அவளுக்குப் பொறுக்கவில்லை. மிச்சம் வைத்திருந்த அவருடைய ரத்தத்திலேயே மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்த்து, தாளை மேசையில் வைத்தாள். அவர் கிட்டே பிடித்தார், தள்ளிப் பிடித்தார்.

"எழுத்தைப் பெருசா அடிக்கத் தெரியாதா? நீயே படி."

படித்தாள். "நம்ம நோயாளிங்க எல்லாரையும் விட உங்களுக்குத்தான் சார் அதிகம்."

சார் நாற்காலியில் சாய்ந்தார். "அப்போ மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றார். வாய்க்கொழுப்பு மட்டும் அப்போதும் குறையவில்லை.

அன்று சாயங்காலமே மனைவி அவரைக் கண் மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள். இளம் வயது பெண் டாக்டர். இவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இடது கண்ணை இருக்கிறபடியே காப்பாத்தப் பாக்கலாம் ஐயா. வலது கண்ணுல போன பார்வை போனதுதான். ஏன் இவ்வளவு நாள் வரலை? சர்க்கரை கண்ணைப் பாதிக்கும்னு உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லலையா?"

அவர் மனைவி இருந்த பக்கம் திரும்பினார். அவள் அவர் கழற்றிக் கொடுத்த கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.