மூன்று டிஸ்அசெம்ப்ளரும் ஒரு மாஃபி முஷ்கிலும்

பிறத்தியார் எழுதிய புரோகிராமைப் பிரித்துப் படிக்கிற தொழிலில் எழுதியவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வேலை பார்க்கலாம், அவன் காதில் விழாது. அந்த ஒரு சுகத்துக்காகவே அதில் பல வருஷம் குப்பை கொட்டினேன்.

டிஸ்அசெம்ப்ளர் எழுதி அவஸ்தைப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். தப்பித்தவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மெஷினுக்குள் இருக்கும் சிப்பில் புரோகிராம் வெறும் எண்களாகத்தான் கிடக்கும். அந்த எண்களை ‘இதைக் கூட்டு, அங்கே தாவு’ என்று மனுஷன் படிக்கிற கட்டளைகளாகத் திருப்பித் தருவது டிஸ்அசெம்ப்ளர். எழுபதுகளின் கடைசியில் துபாய் தேராவில் இருந்த எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு அதுதான் சோறு போட்டது. தண்ணீர் பம்ப், ஐஸ் ஃபாக்டரி, கிரேன் என்று எல்லாவற்றிலும் மைக்ரோபிராசசர் நுழைந்துகொண்டிருந்த நேரம். விற்றவன் சீமையில் இருப்பான். கோளாறு என்று டெலக்ஸ் அடித்தால், ‘மெஷினைத் திருப்பி அனுப்பு’ என்று பதில் வரும். வளைகுடா வெயிலில் ஐஸ் ஃபாக்டரிக்காரன் மெஷினை அனுப்பிவிட்டு விரல் சூப்பிக்கொண்டு இருப்பானா? எங்களிடம்தான் ஓடி வருவான்.

ஆளுக்கொரு குணம்

எங்களிடம் வந்தவை மூன்று வகை சிப்புகள். மூன்றுக்கும் மூன்று பேர் டிஸ்அசெம்ப்ளர் எழுதி வைத்திருந்தோம். மணப்பாட்டுக்காரர் அந்தோணி ஒன்று, கராச்சிக்காரர் சலீம் பாய் ஒன்று, திருச்சியிலிருந்து போன நான் ஒன்று. ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தரால் ஓட்ட முடியாது. அந்தோணி லீவில் போனால் அவருடைய சிப்பும் லீவில் போய்விடும்.

ஒருநாள் முதீர் கூப்பிட்டார். முதீர் என்றால் அரபியில் மேனேஜர். எங்கள் முதீர் லெபனான்காரர், தங்கமான மனுஷர், ஆனால் கெட்ட சேதியைச் சிரித்துக்கொண்டே சொல்கிற பழக்கம் உண்டு. “மூன்று வாரத்தில் ஹெட் ஆபீஸ் எஞ்சினீயர் வருகிறார். எந்த சிப்பைப் போட்டாலும் ஒரே புரோகிராம் பிரித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஒர்க்‌ஷாப் மூடல், உங்கள் மூவருக்கும் ஜுபைல்” என்றார் சிரித்தபடி. சவூதியில் ஜுபைல் கேம்பில் வேலை இருந்தது, சாப்பாடு இருந்தது, ஏசி ரூம் இருந்தது. குடும்பத்துக்கு மட்டும் இடம் இல்லை. இரண்டரை வருஷம் காத்திருந்து என் மனைவி வசந்தியும் நாலு வயது மகளும் துபாய் வந்து அப்போது நாலே மாசம். என்னை ‘அங்கிள்’ என்று கூப்பிடுவதை மகள் அந்த வாரம்தான் விட்டிருந்தாள். 

“முடியுமா?” என்று கேட்டார் முதீர். மூன்று பேரும் ஒரே குரலில், “மாஃபி முஷ்கில்” என்றோம். ஒரு பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம். வளைகுடாவில் முதீர் கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொன்னவனை நான் பார்த்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்ததும் சலீம் பாய் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்: “எப்படிச் செய்யறதுன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா, பாய்?”

தட்டில் வை, ஊட்டாதே

இன்று இன்டர்ஃபேஸ் என்கிறார்களே, அதை நாங்கள் ‘பொது வாசல்’ என்றோம். மேலே ஒரு தலைமைப் புரோகிராம், அதை எழுதுவது நான். கீழே மூன்று டிஸ்அசெம்ப்ளர். மேலே இருப்பவனுக்கு எந்த சிப் என்ற கவலையே கூடாது. ‘இந்த முகவரியில் என்ன இருக்கிறது?’ என்று கேட்பான். கீழே இருப்பவன் மூன்று பதில் தர வேண்டும்: கட்டளை என்ன, அது எத்தனை பைட் நீளம், அடுத்து எங்கே போகும். அவ்வளவுதான். காகிதத்தில் எழுதினால் அரைப் பக்கம் கூட வரவில்லை. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று இருந்தது.

வினையே அதற்கப்புறம்தான். அந்தோணியின் டிஸ்அசெம்ப்ளர் பதிலைத் திருப்பித் தராது. நேரே பிரிண்டருக்குப் போய் அடித்துவிடும். அடிப்பதை மேலே இருப்பவன் பார்த்துக்கொள்வான், நீங்கள் தந்தால் மட்டும் போதும் என்றேன். சமையல்காரர் தட்டில் வைக்க வேண்டும், வாயில் ஊட்டக் கூடாது என்று உதாரணம் வேறு சொல்லித் தொலைத்தேன். மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. மூன்றாம் நாள் பிரிண்ட் பண்ணுகிற வரிகளை எல்லாம் அவரே வெட்டியெறிந்துவிட்டு, என் மேஜையில் புரோகிராமை அச்சடித்த லிஸ்டிங்கைப் பொத்தென்று போட்டார். “எழுதினது நான், அடிக்கது நீரா? நல்லாருக்கு வே உம்ம நியாயம்!”

அஞ்சும் இருபதும்

நடுவில் மஸ்கட் ரூவியில் ஒரு ஐஸ் ஃபாக்டரி நின்றுவிட்டது. பொது வாசலைச் சோதிக்க நல்ல சந்தர்ப்பம் என்று எங்கள் புரோகிராமில் பிரித்த லிஸ்டிங்கைத் தூக்கிக்கொண்டு போனேன். படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. ‘அங்கே தாவு’ என்று சொன்ன இடத்துக்குப் போனால் அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு புரிந்தது. அந்த சிப் முகவரியை இரண்டு பாதியாக வெட்டி, சின்ன பாதியை முதலில் எழுதி வைக்கிறது. அந்தோணியின் சிப் பெரிய பாதியை முதலில் எழுதும். பொது வாசலில் இதைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. முகவரி எப்போதும் நாம் படிக்கிற முறையில்தான் வெளியே வர வேண்டும், புரட்டுகிற வேலையை அவரவர் டிஸ்அசெம்ப்ளர் உள்ளேயே முடித்துவிட வேண்டும் என்று அங்கேயே ஒரு சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டேன்.

ஃபாக்டரி முதலாளி ஓமானி, நல்ல ஹிந்தி பேசுவார். பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து என் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்தார். “சின்னதை முதலில் எழுதி வைத்திருக்கிறான் பாவி, தலைகீழாக!” என்றேன். அவர் டீயை ஆற்றியபடி நிதானமாகச் சொன்னார்: “அரபியில நாங்க இருபத்தஞ்சை ‘அஞ்சும் இருபதும்’னுதான் சொல்றோம். மெஷின் ஒழுங்காத்தான் பேசுது. நீங்கதான் தலைகீழ்.”

தண்ணீர் வந்த கதை

திரும்பி வந்தால் தேராவில் வேறொரு கூத்து. ஒரு ஹோட்டலில் மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று அந்தோணி போயிருந்தார். பம்ப் கன்ட்ரோலரின் சிப்பைப் பிரித்துப் படித்து, ஒரு கட்டளையை மாற்றி, மாற்றியதைப் புது சிப்பில் எரித்து, அதாவது பதித்து, போட்டுவிட்டு வந்தார். பம்ப் ஓடியது. ஓடியது, ஓடியது, நிற்கவே இல்லை. தொட்டி நிரம்பி, மாடிப்படி வழியாக ரிசப்ஷன் வரைக்கும் தண்ணீர்.

காரணம் தேடினோம். அந்த சிப்பில் ஒரு எண், சிப் கம்பெனிக்காரன் கொடுத்த புத்தகத்திலேயே இல்லாத எண். அதைப் பார்த்த அந்தோணியின் டிஸ்அசெம்ப்ளர், பக்கத்து எண்ணுக்குரிய கட்டளையை எடுத்துத் தைரியமாக எழுதிவிட்டது. நான் அவரைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் என்னுடையது அதைவிட மோசம். தெரியாத எண் வந்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். சலீம் பாயுடையது ‘கலாஸ்’, முடிந்தது என்று மொத்தமாகவே நின்றுவிடும். மூன்று பேரும் எழுதியது மூன்று விதம், ஆனால் மூன்றும் ஒரே வியாதி. ‘தெரியாது’ என்று சொல்கிற புத்தி ஒன்றுக்கும் கிடையாது. மன்னிப்புக் கேட்கப் போனபோது ஹோட்டல் மேனேஜர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நின்றிருந்தார். “தண்ணி வரலைன்னுதான் சொன்னேன் சாப். இவ்வளவு வேணும்னு நான் கேட்கலையே!”

நாலாவது பதில்

அந்தோணி இரண்டு வேளை சாப்பிடவில்லை. ஹோட்டல் தரையை அவரே ஆள்களோடு சேர்ந்து துடைத்தார். நான் பொது வாசலில் நாலாவதாக ஒரு பதிலைச் சேர்த்தேன்: ‘தெரியாது.’ லிஸ்டிங்கில் அந்த இடத்தில் மூன்று கேள்விக்குறி வரும். தெரியாத இடம் வந்தால் தலைமைப் புரோகிராம் அந்த வழியை மட்டும் விட்டுவிட்டு, தெரிந்த வழிகளைப் பிடித்துக்கொண்டு மேலே போகும். 

சலீம் பாய் பதறிவிட்டார். ஹெட் ஆபீஸ்காரன் கண் முன்னால் கேள்விக்குறி அடித்தால் வேலை போச்சு என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. தெரியாது என்று சொன்னவனுக்கு அடுத்த ஃபிளைட்டில் டிக்கெட் போட்டுவிடுவார்கள் என்ற பயத்திலேயே நாங்கள் எல்லோரும் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம். கேள்விக்குறி விழுகிற ஒவ்வொரு இடத்திலும் என் மகள் முகம் தெரிந்தது என்றால் நம்புங்கள். எடுத்துவிடலாமா என்று அந்தோணியிடம் கேட்டேன். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: “இருக்கட்டும் வே. அந்தத் தண்ணியைத் தொடைச்சது நீரா, நானா?”

ஹெட் ஆபீஸ் எஞ்சினீயர்

அவர் ஸ்காட்லாந்துக்காரர். வெயிலில் சிவந்து, கையில் ஒரு சின்னப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். அன்று காலையில் வசந்தி என் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

நாங்கள் தயாராக வைத்திருந்த மூன்று சிப்பையும் அவர் தொடவே இல்லை. பெட்டியைத் திறந்து தானே கொண்டுவந்த ஒன்றை எடுத்தார். அந்தோணியின் சிப்புக்குத் தம்பி மாதிரி, புதிதாக வந்த வகை. நாங்கள் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. போட்டோம். பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. முதல் பக்கத்திலேயே மூன்று கேள்விக்குறி. அப்புறம் இன்னொரு இடத்தில். எஞ்சினீயர் பென்சிலால் ஒவ்வொன்றாக வட்டம் போட்டு எண்ணினார். மொத்தம் பதினொரு இடம். முதீர் முகத்தில் சிரிப்பு அதிகமாகிக்கொண்டே போனது. அவர் சிரித்தால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். 

“தெரியாது என்று அடிக்கச் சொன்னது யார்?” என்று கேட்டார் எஞ்சினீயர். சொன்னது நான். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அந்தோணி முன்னால் போய், “நான்தான் சார்” என்றார். அவருக்கு ஊரில் மூன்று தங்கைகள். அந்த நிமிஷம் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பேன், முதீர் பார்த்துக்கொண்டிருந்தாரே என்று விட்டேன்.

எஞ்சினீயர் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அந்தப் பதினொன்றும் புது சிப்பில் புதிதாகச் சேர்த்த கட்டளைகளாம். புத்தகம் அவர் கைக்கே சமீபத்தில்தான் கிடைத்ததாம். புத்தகத்தைப் பார்த்து அந்தோணி தன் பங்கில் மட்டும் பதினொரு வரி சேர்த்தார். என் பங்கையோ சலீம் பாய் பங்கையோ யாரும் தொடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு கேள்விக்குறி இல்லாமல் லிஸ்டிங் வந்துவிட்டது. எஞ்சினீயர் அதை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு முதீரிடம் சொன்னார்: “எங்கள் ஆபீஸ் புரோகிராம் இந்தப் பதினொன்றுக்கும் ஏதேதோ எழுதித் தந்தது, அதை நம்பி நான் ஒரு தொழிற்சாலையையே நிற்கவைத்துவிட்டேன். இனிமேல் எல்லா மெஷினையும் இங்கேயே அனுப்பச் சொல்கிறேன்.”

ஜுபைல் போகாத கதை

வீட்டுக்கு ஓடிப்போய், “ஜுபைல் இல்லை!” என்று கத்தினேன். வசந்தி அழுதுவிட்டாள். நானும்தான், சொல்ல என்ன வெட்கம். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிரீக் என்கிற உப்பங்கழி வரைக்கும் நடந்தோம். மூன்று பேரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

எஞ்சினீயர் வாக்குத் தவறாத மனுஷர். பஹ்ரைனிலிருந்து மெஷின் வந்தது, குவைத்திலிருந்து வந்தது, ஜுபைலிலிருந்தே ஒரு லாரி நிறைய வந்தது. புது சிப் எதுவானாலும் தேராக்காரர்கள் பொது வாசலில் நுழைத்துவிடுவார்கள் என்று பெயர் பரவிவிட்டது. முதீர் கேட்கும்போதெல்லாம் நாங்களும் மாஃபி முஷ்கில் என்றோம். வெள்ளிக்கிழமை லீவும் போயிற்று. நான் கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள், திரும்பும்போது மறுபடியும் தூங்கியிருப்பாள். இரண்டு மாசம் கழித்து ஒரு நாள் காய்ச்சலில் பகலிலேயே வீட்டுக்குப் போய்விட்டேன். கதவைத் திறந்த மகள் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, “அம்மா, யாரோ அங்கிள்!” என்றாள். வசந்தி எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள், ஆனாலும் சுருக்கென்றது: “நீங்க ஜுபைலுக்கே போயிருக்கலாம். வாரம் ஒரு லெட்டராவது வந்திருக்கும்.”

ஆகவே பொது வாசல் கட்டப்போகும் என் சக பாவிகளே, கட்டுங்கள், நன்றாகவே கட்டுங்கள், ஆனால் அது நன்றாக அமைந்துவிட்டால் ஊரிலுள்ள வேலை அத்தனையும் அதன் வழியாக உங்கள் மேஜைக்குத்தான் வரும் என்று வீட்டில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்.